ஒரே குரலில் பேசிய இரண்டு திரைகள்

அத்தியாயம் 9

மணி இரண்டரை. நான்கு மணிக்கு அண்ணியின் மாப்பிள்ளை, தப்பு தன்னுடையதுதான் என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடப் போகிறார். போட்டுவிட்டால் பதினோரு வருஷ உழைப்பும் லைசென்ஸும் போகும். அதற்குப் பிறகு போலீஸ் எப்போது கூப்பிட்டாலும் போய் நிற்க வேண்டும். போட மாட்டேன் என்று சொல்ல வேண்டியவர் அவர்தான். அவரோ ஒரு வாரமாக, "என் தப்பாத்தான் இருக்கும் அத்தை" என்பதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. விசாரணை முடியும்வரை யாரிடமும் பேசக் கூடாது என்று மேலிடத்து உத்தரவாம்.

அண்ணிக்கு வாயைத் திறக்காத மனிதர்களைக் கண்டாலே ஆகாது. முப்பத்திரண்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரையே பேச வைத்தவள் அவள். மகள் இந்த விமான டெக்னீஷியனைக் கூட்டிவந்து நிறுத்தியபோது, "இவரைக் கட்டிக்கிட்டா வீட்டுல ஒரு ரேடியோவும் வாங்கி வச்சுக்கோ" என்று அவர் காது கேட்கவே சொன்னவள். இப்போது அதே மனிதருக்காக, ஒரு விமானத்தின் காக்பிட்டில், இரண்டு சீட்டுக்கும் நடுவே உடம்பைத் திணித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"இவங்க ஆகாயத்துல பறக்குறாங்களா, இல்ல அலமாரிக்குள்ள குடித்தனம் பண்றாங்களா?"

"அண்ணி, எதையும் தொடாதீங்க" என்றாள் சிட்டு.

சிட்டு, அண்ணியின் தம்பி மனைவி. காப்பீட்டுக் கம்பெனியில் இருபது வருஷம் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்துவிட்டு, தனியாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவள். ஆள் ஒல்லி, குரல் அதைவிட ஒல்லி. அந்த அலுவலகத்தில் இரண்டே நாற்காலி. ஒன்றில் சிட்டு. ஓய்வு பெற்ற மறுநாளே இன்னொன்றில் வந்து உட்கார்ந்தவள் அண்ணி. யாரும் கூப்பிடவில்லை, யாரும் போகச் சொல்லவுமில்லை.

இடது சீட்டில் இருந்த பெண்மணிதான் போன வாரம் இந்த விமானத்தை ஓட்டிய கேப்டன். முகத்தில் இன்னும் தூக்கமில்லாத களைப்பு.

"மேகத்தை விட்டு வெளிய வந்தேன். தரைக்கு இன்னும் நானூறு அடி இருக்குன்னு திரை சொல்லுது. கண்ணுக்கு முன்னாடி மரம் நிக்குது. அப்படியே மேல இழுத்தேன். பின்னாடி எழுபத்தோரு பேர்." கேப்டன் நிறுத்தி மூச்சு வாங்கினார். "உங்க மாப்பிள்ளைன்னு சொல்றீங்க. மன்னிச்சுக்கோங்கம்மா, அந்த ஆள் உள்ள போகணும்னுதான் நானும் நினைக்கிறேன்."

அண்ணிக்குச் சுரீர் என்றது. பதில் சொல்ல வாயெடுத்தவளை சிட்டு பார்வையாலேயே அடக்கினாள்.

"கேப்டன், இந்தத் திரைக்கு உயரம் எவ்வளவுன்னு யாரு சொல்றது?"

"திரைக்குச் சொந்த புத்தி கிடையாது. கீழ ஒரு அறையில ரெண்டு பெட்டி இருக்கு. வெளிக்காத்தோட அழுத்தத்தை வச்சு உயரத்தைக் கணக்குப் போடும். இடது பெட்டி என் திரைக்குச் சொல்லும், வலது பெட்டி துணை விமானியோட திரைக்குச் சொல்லும். ரெண்டு திரையும் ஒண்ணுக்கொண்ணு ரொம்ப வித்தியாசமா காட்டினா மஞ்சள் எழுத்துல எச்சரிக்கை வரும்."

"அன்னைக்கு வரலையா?"

"வரல. ரெண்டு திரையும் ஒண்ணாத்தான் சொல்லுச்சு. அதனாலதான் நம்பினேன்."

சிட்டு இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். விமானம் நின்றிருந்த கொட்டகையின், ஹாங்கரின், மின்சாரத்தில் அவை எரிந்துகொண்டிருந்தன. இடது திரையில் 212 அடி. வலது திரையில் 212 அடி. யாரோ பெரிய கதவைத் திறந்தார்கள் போலிருக்கிறது, காற்று மாறியது. இடது 213 ஆனது. அதே நொடியில் வலதும் 213.

"ரெண்டும் எப்பவுமே இப்படித்தான் ஜோடி போட்டு நடக்குமா?"

கேப்டன் சீட்டின் நுனிக்கு நகர்ந்தார். முன்னால் குனிந்து பார்த்தார்.

"இல்லையே. வேற வேற பெட்டி, வேற வேற குழாய். பத்தடி, இருபதடி முன்னப்பின்ன இருக்கும். சுத்தமா ஒரே எண்ணா... நான் பார்த்ததில்ல."

"நான் பார்த்திருக்கேன்" என்றாள் சிட்டு. "ஒரு கார் விபத்துக்கு ரெண்டு சாட்சி. ஒருத்தர் 'மூணு மணி இருக்கும்'பார். இன்னொருத்தர் 'மூணேகால்'பார். அதுல உண்மை இருக்கும். ரெண்டு பேரும் 'மூணு மணி ஏழு நிமிஷம்'னு ஒப்பிச்சா, ஒருத்தர் சொல்லிக்கொடுக்கறார், இன்னொருத்தர் கிளிப்பிள்ளை."

"அப்ப வலது திரை கிளிப்பிள்ளையா?" என்றாள் அண்ணி.

"கீழ போய்ப் பார்த்தாத் தெரியும். கேப்டன், ஒரு உதவி. நாங்க திரும்பி வர்ற வரைக்கும் இங்கயே இருந்து திரையைப் பாருங்க. எது மாறினாலும் மணியோட எழுதி வைங்க."

காக்பிட் கதவுக்கு வெளியே நின்ற சூப்பர்வைசர் சிரித்த முகத்துடன் வழிவிட்டான். ஹாங்கரில் எல்லார் உடம்பிலும் எண்ணெய்க் கறை. இவன் சட்டையில் மட்டும் கத்தி வைத்தாற்போல் மடிப்பு. வந்த முதல் நாளே அண்ணி அவனுக்கு 'இஸ்திரி' என்று பெயர் வைத்துவிட்டாள்.

"அறைக்கு அன்னைக்கே சீல் வச்சாச்சு மேடம். விசாரணை அதிகாரி உங்களுக்கு அனுமதி கொடுத்திருக்கார், தாராளமாப் பாருங்க" என்றான் இஸ்திரி. "நீங்க என்ன பார்க்கப்போறீங்கன்னு எனக்குத் தெரியும். பார்த்தா நீங்களே அவரைக் கையெழுத்துப் போடச் சொல்லுவீங்க."

அந்த அறை விமானத்தின் மூக்குக்கு அடியில் இருந்தது. வயிற்றில் ஒரு சதுரக் கதவு, அதற்கு ஓர் ஏணி. இஸ்திரி சீலை உடைத்துக் கதவைத் திறந்து, ஏணியடியில் நின்றுகொண்டான். கைபேசிகள் ஹாங்கர் வாசலில் காவலாளியின் பெட்டிக்குப் போயிருந்தன. உள்ளே வருகிறவர்கள் எல்லாருக்கும் அதே விதி. கையில் இருந்தது டார்ச் ஒன்றுதான்.

சிட்டு ஏணியில் சரசரவென்று ஏறிவிட்டாள். அண்ணி ஏறியது வேறு கதை. இடுப்பு வரை போய், அங்கே கொஞ்ச நேரம் தங்கி, கடைசியில் சிட்டு இழுத்த இழுப்பில் உள்ளே போய் விழுந்தாள்.

"இறங்கும்போது எப்படி?"

"அதை அப்ப பார்த்துக்கலாம்."

நிமிர்ந்து நிற்க முடியாத இடம். இருபக்கமும் அடுக்கடுக்காகக் கறுப்புப் பெட்டிகள். அவற்றைக் குளிர வைக்கும் மின்விசிறிகள் காது கிழிய இரைந்தன. பெட்டிகளின் பின்னாலிருந்து வெள்ளை வயர்கள் நூற்றுக்கணக்கில் கிளம்பி, நூலால் கட்டப்பட்டு, கொத்துக் கொத்தாக மேலே காக்பிட்டை நோக்கிப் போயின. அண்ணி மூச்சு வாங்கிக்கொண்டே பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்குப் பயம் போய் ஒரு சொந்தம் வந்தது.

"இது நம்ம எக்ஸ்சேஞ்ச்தான்டி! அளவுதான் சின்னது. பெட்டி பேசுது, திரை கேக்குது."

"பேசுற பெட்டிக்கு, யாரு கேக்கறாங்கன்னு தெரியுமா?"

"எப்படித் தெரியும்? நடுவுல ஒருத்தி ஒட்டுக்கேட்டா எந்த வாடிக்கையாளருக்குத் தெரிஞ்சிருக்கு? நாங்க எவ்வளவு காதல் கதை..." அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அதை விடு. டார்ச்சை இங்க அடி."

இடது பெட்டியின் பின்னால், கட்டுக்குள் அடங்காமல் இரண்டு வயர்கள் தனியே முறுக்கிக்கொண்டு வெளியே வந்தன. வலது பக்கம் தாவி, வலது திரைக்குப் போகும் கொத்துக்குள் நுழைந்தன. அண்ணி விரலை விட்டுத் தடவினாள். கொத்துக்குப் பின்பக்கம், கண்ணுக்குப் படாத இடத்தில், வயர்மேல் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளை உறை. சூடுகாட்டி வயரோடு ஒட்டவைத்தது. அதில் அச்சடித்த எழுத்து.

*இடது பெட்டி — வலது திரை. சோதனைக்கு மட்டும். அகற்றாமல் பறக்கக் கூடாது.*

அதன் கீழே தேதி. அதன் கீழே ஓர் எண். மாப்பிள்ளையின் லைசென்ஸ் எண்ணை இந்த ஒரு வாரத்தில் அண்ணி மனப்பாடமே செய்திருந்தாள். அதேதான். பக்கத்தில் ஒரு நூல் முடிச்சு, முடிச்சில் நகக்கண் அளவு சிவப்புத் துணி. மீதித் துணியை யாரோ இழுத்துக் கிழித்திருந்தார்கள்.

சிட்டுவின் மூளையில் எல்லாம் சட்டென்று ஒட்டிக்கொண்டது. வலது திரையில் உயரம் வராமல் போயிருக்கிறது. கோளாறு திரையிலா, பெட்டியிலா என்று பார்க்க, மாப்பிள்ளை இடது பெட்டியின் குரலை வலது திரைக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். திரை பேசியது, ஆக பெட்டிதான் கெட்டது. புதுப் பெட்டி வரும்வரை எச்சரிக்கை எழுதி, சிவப்புத் துணி கட்டிவிட்டுப் போயிருக்கிறார். பிறகு வந்த ஒருவன் துணியைக் கிழித்துவிட்டான். கட்டுக்குப் பின்னால் இருந்த உறை அவன் கண்ணில் படவில்லை. இரண்டு திரையும் எரிகிறதே என்று விமானத்தை அனுப்பிவிட்டான். இடது பெட்டி தப்பாகச் சொன்னபோது, இரண்டு திரையும் சேர்ந்து அதே தப்பைச் சொல்லின.

இதை அவள் அண்ணியின் காதில் மெதுவாகத்தான் சொன்னாள். அண்ணிதான் கதவுப் பக்கம் திரும்பி, மின்விசிறிகளையும் மீறி எக்ஸ்சேஞ்சே அதிரும் குரலில் கூவினாள்.

"யோவ்! என் மாப்பிள்ளை எழுதியே வச்சிருக்காருய்யா! துணியை எவனோ கிழிச்சிருக்கான்!"

கீழே ஏணியடியில் இஸ்திரியின் முகம் நிமிர்ந்தது. அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறிவிட்டது. அடுத்த நொடி சதுரக் கதவு மேலே வந்து டமாலென்று மூடிக்கொண்டது. வெளியே ஏதோ ஒன்று கிளிக் என்று விழுந்தது.

சிட்டு பாய்ந்து உள்பக்கக் கைப்பிடியைத் திருகினாள். பாதி வரை வந்து நின்றுவிட்டது. இருவரும் சேர்ந்து தொங்கினார்கள். அசையவில்லை.

"வெளியே பூட்டு முள்ளைச் செருகிட்டான்."

அண்ணிக்கு அப்போதுதான் உறைத்தது.

"சிட்டு... என் ஓட்டை வாயாலதானே?"

"ஆமா."

"மெதுவா பேசுங்கன்னு முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

"கல்யாணமான நாள்லேருந்து சொல்றேன்."

மேலே இருப்பது காக்பிட்டின் தரை. அண்ணி டார்ச்சின் பின்பக்கத்தால் அதை இடித்தாள். கத்தினாள். இரைச்சல் அவள் குரலை அவளிடமே திருப்பிக் கொடுத்தது. தரைக்கு அடியில் மெத்தை மாதிரி ஏதோ தடுப்பு வேறு. முப்பத்திரண்டு வருஷம் எந்த ஊருக்கும் எட்டிய குரல், ஆறடி மேலே இருக்கும் ஒருத்திக்கு எட்டவில்லை.

"இவன் நம்மள எத்தனை நேரம் வச்சிருப்பான்?"

"கையெழுத்து வாங்குற வரைக்கும். நாலு மணி வரை காத்திருக்க மாட்டான். இப்பவே போயிருப்பான்" என்றாள் சிட்டு. "முதல்ல கேப்டன்கிட்ட, அவங்க ரெண்டு பேரும் கிளம்பிட்டாங்க, நீங்களும் போங்கன்னு சொல்லுவான். அப்புறம் மாப்பிள்ளைகிட்ட, உங்க மாமியாரே பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாமப் போயிட்டாங்கன்னு சொல்லுவான்."

"நாம அப்புறம் வந்து உறையைக் காட்ட மாட்டோமா?"

"யாரு ஒட்டினதுன்னு கேப்பாங்க. உள்ள இருந்தது யாரு? குற்றம் சாட்டப்பட்டவரோட மாமியார். மாமியாரே கொண்டுவந்து ஒட்டிட்டாங்கன்னு அவன் சொன்னா, யாரு இல்லைன்னு சொல்றது? உறை இருக்கற இடத்துலயே, நம்மைத் தவிர ஒருத்தர் அதைப் பார்க்கணும். அதுவும் அவர் கையெழுத்துக்கு முன்னாடி."

அண்ணி பெட்டிகளின் மேல் சாய்ந்தாள். அடக்கி வைத்திருந்த பயம் எல்லாம் ஒரேயடியாக வந்தது. காற்று போதவில்லை, புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஹாங்கரின் அந்தக் கோடியில் இருந்த கண்ணாடி அறையில் மாப்பிள்ளை பேனாவுடன் உட்கார்ந்திருப்பது கண்ணுக்குள் தெரிந்தது. சண்டை போடத் தெரியாத மனிதர். "இங்க போடுங்க" என்றால் போட்டுவிடுவார். மகளிடம் போய் என்னவென்று சொல்வது? நான் கத்தியதால் உன் புருஷன் கம்பி எண்ணப் போகிறார் என்றா? அண்ணி அழுதாள். கேலிக்கு ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை.

சிட்டு அவள் கையைப் பிடித்தாள். "அண்ணி, அழுகையை அப்புறம் வச்சுக்கலாம். மேல கேப்டன் இன்னும் போகாம இருந்தா, அவங்க பார்த்துக்கிட்டு இருக்கறது திரையை. திரையோட பேசுறது இந்தப் பெட்டிங்க. நம்ம கைக்கு எட்டுற தூரத்துல இருக்கு."

சொல்லிக்கொண்டே, பக்கத்தில் இருந்த வலது பெட்டியின் முன்திருகுகள் இரண்டையும் தளர்த்தினாள். கைப்பிடியைப் பிடித்து இழுக்க, பெட்டி தட்டில் இரண்டு விரல்கடை முன்னால் வந்தது. பின்னால் இருந்த இணைப்பு விட்டுப்போனது.

"கரண்ட் ஓடும்போது பிடுங்கலாமா?"

"கூடாது. வேற வழி இருந்தா சொல்லுங்க."

காத்திருந்தார்கள். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். கதவு திறக்கவில்லை.

"கேப்டன் போயிட்டாங்க" என்றாள் சிட்டு. அவள் குரல் முதல் தடவையாக உடைந்தது.

அண்ணி மூக்கை உறிஞ்சினாள். கண்ணைத் துடைத்தாள். பிறகு, "அட லூசு!" என்றாள்.

"என்ன?"

"பூட்டின வீட்டுக்கு லைனை வெட்டிட்டு, ஏன் யாரும் கம்ப்ளைன்ட் பண்ணலன்னு உட்கார்ந்திருக்க! இந்த வலது பெட்டி செத்துப்போனதுன்னு நீதானே இப்ப சொன்ன? இதை யாருமே கேக்கலயே! ரெண்டு திரையும் கேக்கறது இடதை மட்டும்தான். அதைப் பிடுங்கு!"

சிட்டு ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு, இடது பெட்டியின் திருகுகளில் கை வைத்தாள். அண்ணி அவளை ஒதுக்கிவிட்டுத் தானே கைப்பிடியைப் பற்றினாள்.

"தள்ளு. மணி அடிக்கறது என் வேலை."

இழுத்தாள். ஐந்து எண்ணினாள். உள்ளே தள்ளினாள். பெட்டிக்கு உயிர் வந்து அதன் சின்னப் பச்சை விளக்கு எரியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். மறுபடி இழுத்தாள். ஐந்து எண்ணித் தள்ளினாள். மூன்றாம் முறையும். மூன்று முறை மணி அடித்தால் அவசர அழைப்பு என்பது அவளுடைய எக்ஸ்சேஞ்ச் கணக்கு. கேப்டனுக்கு அந்தக் கணக்கு தெரியாது என்பதை அவள் யோசிக்கவில்லை.

யாரும் வரவில்லை. உள்ளங்கை தோல் உரிந்து எரிந்தது. அவள் நிறுத்தவில்லை. மறுபடி மூன்று. மறுபடி.

பன்னிரண்டாவது இழுப்பில் காலுக்கடியில் வெளிச்சம் வந்தது.

ஏணியின் உச்சியில் கேப்டன், கையில் பூட்டு முள்.

"நீங்க போயிட்டீங்கன்னு அவர் சொன்னார். திரையை அணைக்கக் கையை நீட்டினேன், ரெண்டு திரையிலயும் உயரம் போய் சிவப்புக் கோடு விழுந்துச்சு. கோளாறுன்னு நினைச்சேன். திரும்பி வந்துச்சு, மறுபடி போச்சு. மூணு மூணாப் போற கோளாறு எங்க இருக்கு? அதை விடுங்க, ஒரே பெட்டி போனா என் திரை மட்டும்தானே போகணும்? ரெண்டும் எப்படிச் சேர்ந்து போகும்?"

சிட்டு டார்ச்சை அந்த வெள்ளை உறைமேல் அடித்தாள். கேப்டன் உள்ளே தவழ்ந்து வந்து படித்தார். சிவப்புத் துணியின் மிச்சத்தை விரல் நுனியால் தொட்டார். கடைசி வரியை இரண்டாம் முறை படித்தார்.

"பறக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு" என்றார். "நான் பறந்தேன்."

அண்ணி எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. இடுப்பு சிக்கியதா, புடவை கிழிந்ததா, எதுவும் நினைவில்லை. எண்ணெய்த் தரையில் வழுக்கிக்கொண்டே ஹாங்கரின் குறுக்கே ஓடினாள். கண்ணாடி அறைக்குள் மூன்று பேர் தெரிந்தார்கள். இஸ்திரி நின்றிருந்தான். பக்கத்துக் கட்டடத்திலிருந்து அவசரமாக வரவழைக்கப்பட்ட விசாரணை அதிகாரி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அண்ணி கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தபோது அவர் பேனாவை மூடிக்கொண்டிருந்தார்.

"போட்டுட்டீங்களா?"

"போட்டுட்டேன் அத்தை."

அண்ணி அப்படியே சுவரில் சாய்ந்தாள்.

"கொஞ்சம் லேட்டாயிடுச்சும்மா" என்றான் இஸ்திரி. அவள் எப்படி வெளியே வந்தாள் என்ற திகைப்பை ஒரே நொடியில் விழுங்கிவிட்டான். "அவரே ஒப்புக்கிட்டார். சோதனைக்குப் போட்ட இணைப்பை அப்படியே விட்டுட்டுப் போனேன், எச்சரிக்கை எதுவும் வைக்கலன்னு."

பின்னாலேயே வந்த கேப்டன் அதிகாரியிடம், தான் பார்த்ததை நாலே வரியில் சொன்னார். வெள்ளை உறை, கிழிந்த துணி, வெளியே செருகிய பூட்டு முள். அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"பூட்டு முள் தானா விழுந்திருக்கும். உறையை இந்த அம்மாதான் கொண்டுபோய் ஒட்டியிருக்கணும்" என்றான் இஸ்திரி, சிட்டு சொன்னபடியே. "கையெழுத்துப் போட்ட காகிதம் இருக்கே. அதுக்கு என்ன பதில்?"

சிட்டு அந்தக் காகிதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைகீழாகவே படித்து முடித்துவிட்டாள். பொய்க் கிளெய்ம் பிடித்த காலத்திலிருந்து அவளுக்குப் பழக்கம்.

"சார், உங்க தொழில்ல ஒரு கையெழுத்து தனியா நிக்காதாமே? வேலை செஞ்சவர் ஒண்ணு போட்டா, சரிபார்த்தவர் ஒண்ணு போடணுமாமே?"

"ஆமா, அதுதான் எங்க முறை" என்றார் அதிகாரி.

"இந்தக் காகிதத்துலயும் அப்படித்தான் இருக்கு. பழக்க தோஷம். மேல அவர் கையெழுத்து. கீழ சூப்பர்வைசர் கையெழுத்து. அவர் கையெழுத்துக்கு மேல ரெண்டு வரி இருக்கு, சத்தமாப் படிங்களேன்."

அதிகாரி படித்தார். "'விமானம் புறப்பட்ட அன்று காலை நான் நேரில் அந்த அறையைத் திறந்து இந்த இணைப்பைப் பார்த்தேன். அதில் எச்சரிக்கைத் துணியோ குறிப்போ இருக்கவில்லை என்று சரிபார்த்தேன்.'"

இஸ்திரியின் முகத்தில் இத்தனை நாள் கலையாமல் இருந்த மடிப்பெல்லாம் ஒவ்வொன்றாகக் கலைந்தது.

"பார்த்தீங்களா?" என்றாள் சிட்டு.

"அது... காகிதத்துக்காக எழுதினது. எப்பவும் எழுதுற மாதிரி..."

"பார்க்கலன்னா, இது பொய்ச் சாட்சி, இந்தக் காகிதத்துக்கே மதிப்பில்ல. பார்த்தீங்கன்னா, இணைப்பு இருக்கறது தெரிஞ்சே எழுபத்தோரு பேரை ஏத்தி அனுப்பினீங்க. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

"வேற பெட்டி இல்ல சார்!" இஸ்திரி அதிகாரியின் பக்கம் திரும்பினான். குரல் கீச்சிட்டது. "காலைல ஏழு மணிக்கு விமானம் கிளம்பியாகணும், பெட்டி வர ரெண்டு நாளாகும்னாங்க. ரெண்டு திரையும் நல்லாத்தான் காட்டுச்சு. ரெண்டே நாள்தானேன்னு நினைச்சேன்..."

கேப்டன் அவனை நோக்கி ஓர் அடி வைத்தார். பிறகு நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அதிகாரி அந்தக் காகிதத்தை மடித்துத் தன் கோப்புக்குள் வைத்தார். மாப்பிள்ளைக்கு எதிராக எழுதப்பட்டது, எழுதியவனுக்கு எதிராக உள்ளே போனது.

மாப்பிள்ளை மட்டும் இன்னும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. எதிரில் நடந்த எதுவும் அவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

"அத்தை, நிஜமாவே எழுதியிருந்துச்சா?"

"நீங்கதானேங்க எழுதினீங்க!"

"ஞாபகமே இல்ல அத்தை. அன்னைக்கு பதினாறு மணி நேர வேலை. கை பாட்டுக்குச் செஞ்சிருக்கும். மறுநாள்லேருந்து எல்லாரும், துணி இல்ல, எழுத்து இல்லன்னாங்க. ராத்திரி எல்லாம் யோசிச்சுப் பார்த்தேன். கட்டின மாதிரியும் இருக்கு, கட்டாத மாதிரியும் இருக்கு. எழுபத்தோரு பேர் அத்தை. கட்டாமப் போயிட்டேன்னா, கையெழுத்து என்ன, என்ன தண்டனை கொடுத்தாலும் சரின்னுதான்..."

இத்தனை நாள் இவர் சிறைக்குப் பயந்து ஒடுங்கியிருக்கிறார் என்று அண்ணி நினைத்தாளே! தன் கையையே நம்ப முடியாத இடத்தில் இந்த மனிதரை அடைத்து வைத்திருந்தார்கள். அங்கே இடிக்க ஒரு கூரைகூட இல்லை. இவரை ஒரு வார்த்தை ஆறுதலாகக் கேட்டோமா என்று யோசித்தாள். கேட்கவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"எழுந்திருங்க" என்றார் கேப்டன். "உங்களுக்கு நான் காட்டறேன்."

இருவரும் விமானத்தை நோக்கி நடந்தார்கள். கேப்டன் முதலில் ஏணியில் ஏறி, கையை நீட்டினார். மாப்பிள்ளை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். அண்ணியும் சிட்டுவும் கீழே நின்றார்கள். உள்ளே டார்ச் வெளிச்சம் கொஞ்சம் அலைந்துவிட்டு ஓரிடத்தில் நின்றது. அப்புறம் அது அசையவே இல்லை. அண்ணி கூப்பிடப் போனாள். சிட்டு வேண்டாம் என்று தலையசைத்தாள். அண்ணி கூப்பிடவில்லை.

வெகுநேரம் கழித்து அவர் முகம் கதவு வழியே எட்டிப் பார்த்தது. மூக்கும் கண்ணும் சிவந்திருந்தன.

"கட்டியிருக்கேன் அத்தை" என்றார். "வயரோட ரெண்டு முனையிலயும் கட்டியிருக்கேன்."